வாயு அளவு பூஜ்யம்

குடவரை நிலையம், பதிவு 17. நிலைய நேரம் 09:20

காற்று சரி. தண்ணீர் சரி. மின்சாரம் சரி. காபித்தூள் மட்டும் சரியில்லை. அதைப் பதிவில் யாரும் கேட்பதில்லை, நானாகவே எழுதி வைக்கிறேன்.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் என்னைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் இசக்கியம்மாள், குளிரூட்டும் பொறியாளர், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். நிலவின் பாறைக்குகை ஒன்றுக்குள் கட்டிய இந்த நிலையத்தில் இப்போதைக்கு நான் ஒருத்திதான். அடுத்த வாரம் 'வலம்புரி' கப்பலில் எட்டுப் பேர் வருகிறார்கள். அதில் ஒருத்தி என் தங்கை பேச்சித்தாய். செடி வளர்க்க வருகிறாள். அவர்கள் படுக்கப்போகும் கூடத்தின் கூரையில் ஏ.சி. மாட்டுவதுதான் என் வேலை.

நிலவில் ஏ.சி. எதற்கு என்று ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். வெளியே உறையும் குளிர்தான். ஆனால் கூடத்தைச் சுற்றிலும் கனமான காப்பு இருக்கிறது, உள்ளே உண்டாகும் சூடு வெளியே போக வழியில்லை. எட்டு உடம்பு, அடுப்பு, மின்கருவிகள் எல்லாம் சேர்ந்தால் அரை நாளில் கூடம் இட்லிக் கொப்பரை ஆகிவிடும். ஏ.சி. ஓடாவிட்டால் யாரும் இங்கே தங்க முடியாது.

இன்று பெட்டி வந்தது. ஆளில்லா வண்டி கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பெட்டியின் மேல் 'புதியது' என்று ஒட்டியிருக்கிறது.

புதிய சரக்கெல்லாம் கப்பல் இறங்கும் திடலிலிருந்து வரும். திடல் தெற்கே இருக்கிறது. இந்த வண்டியின் தடம் வடக்கிலிருந்து வந்திருக்கிறது. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

பதிவு 18. 11:05

பெட்டியைப் பிரித்தேன். கூரையில் பதிக்கும் வகை யூனிட். சதுர முகம், நான்கு பக்கமும் காற்று வரும் வாய். ஒரு மூலையில் உள்ளங்கை மையம் அளவுக்கு ஒரு வட்டக் குழிவு, அதில் மெல்லிய வலை. கேஸ் கசிந்தால் மோப்பம் பிடிக்கும் உணர்கருவி அதற்குள் இருக்கிறது.

மேல் மூடி பளபளவென்று இருக்கிறது. திருகாணிகளின் தலையோ தேய்ந்திருக்கிறது. புது இயந்திரத்தின் திருகாணியை எனக்கு முன்னால் யார் திருகினார்கள்? எண் பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அடியில் தகடு இல்லை, அது ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் இருக்கிறது.

பூமியில் இருக்கும் தரை நிலையத்தைக் கேட்டேன். பணியில் இருந்தவர் டிக்ரூஸ், தூத்துக்குடிக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் லேசாகச் சிரிப்பார்.

தரையிலிருந்து: "மேடம், அதெல்லாம் சோதனை போட்டப்ப கழட்டி மாட்டுனதா இருக்கும். நீங்க மாட்டுங்க. கப்பல் கிளம்பியாச்சுல்லா."

வண்டி ஏன் வடக்கிலிருந்து வந்தது என்று கேட்டேன். வண்டியின் பாதை அவருடைய பிரிவு இல்லையாம். வடக்கே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேட்டு நிலையம். போன வருடம் மூடினார்கள். அங்கே மூன்று பேர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். ஆக்சிஜன் இயந்திரம் கெட்டுவிட்டது என்று அறிக்கை சொன்னது. இறந்தவர்களில் ஒருத்தி, அங்கே தலைவியாக இருந்த வசுமதி, எனக்குப் பயிற்சி கொடுத்தவள். அந்த அறிக்கையை நான் நம்பவில்லை.

பதிவு 20. 10:40

கூரையில் துளை போட்டு முடித்தேன்.

செய்த விதத்தை எழுதி வைக்கிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவும். முதலில் கூரைப் பாறையைச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். இங்கே காற்று இருப்பதால் சத்தம் கேட்கும். உள்ளே வெறுமையாக, பொத்தலாக ஒலித்தால் அங்கே போல்ட் அடிக்காதீர்கள். நான் முதலில் குறித்த இடம் பொத்தல், ஆகவே ஒரு முழம் தள்ளிக் குறித்தேன். துளைக்குள் இருக்கும் தூளை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கியபின் ஒவ்வொரு போல்ட்டிலும் யூனிட்டின் எடையைப் போல் பலமடங்கு இழுவை கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

இங்கே எடை குறைவு என்பதால் இரண்டு போல்ட் போதும் என்று தரை நிலையத்தில் ஒரு பொடியன் சொன்னான். எடைதான் குறைவு. விழுந்து மண்டையில் இடித்தால் இரும்பு இங்கேயும் இரும்புதான். நான்கு போல்ட்டும் போட்டேன், நட்டுக்கு மேல் பூட்டு நட்டும் போட்டேன்.

கைக்கும் கண்ணுக்கும் கவசம் போட்டிருந்தேன். வேலை முடிந்தபின் கவசத்தில் அப்பியிருந்த பாறைத் தூளைப் பார்த்ததும் வசுமதியின் நினைப்பு வந்தது. கண்ணாடி போடாமல் துளை போட்டதற்காக ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவள் அவள்.

பதிவு 21. 12:15

யூனிட்டை ஏற்றியாயிற்று. இது இரண்டு ஆள் வேலை என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவது? சாரம் கட்டி, அதன்மேல் ஜாக்கியை வைத்து, அதன்மேல் யூனிட்டை வைத்துப் பட்டையால் கட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். எந்த நேரத்திலும் அதற்கு அடியில் தலையைக் கொடுக்கவில்லை. தொங்கு கம்பிகள் நான்கிலும் வாஷர் போட்டு நட்டு மாட்டியபின்தான் ஜாக்கியை இறக்கினேன்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி இங்கே சோம்பேறித்தனமாக நகரும், பொறுமை வேண்டும். நான்கு பக்கமும் மட்டம், தண்ணீர் வடியும் பக்கம் மட்டும் ஒரு நூல் தாழ்வு.

ஏற்றும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. உள்ளே தண்ணீர் சேரும் தட்டில் வெள்ளைக் கறை. தண்ணீர் நின்று காய்ந்த கறை. புது யூனிட்டாம்.

பதிவு 23. 15:30

குழாய் வேலை, மின்வேலை இரண்டும் முடிந்தன.

வடிகுழாய்க்குப் பூமியில் கொடுப்பதைவிட இரண்டு பங்கு சரிவு கொடுத்தேன். இங்கே தண்ணீர் இறங்க யோசிக்கும். தாமிரக் குழாயின் முனைகளைப் பிசிறு இல்லாமல் விரித்து, முதலில் கையால் மாட்டி, பிறகு இரண்டு ஸ்பானர் கொண்டு இறுக்கினேன். ஒற்றை ஸ்பானரால் இறுக்கினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். நைட்ரஜன் ஏற்றி ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அழுத்தம் இறங்கவில்லை. நான் போட்ட எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு குழாயை வெற்றிடமாக்கி, குளிரூட்டும் கேஸைத் திறந்துவிட்டேன்.

வெளியே நிழல் பக்கத்தில் சூட்டை வெளியேற்றும் தட்டுவரை நீளமான குழாய் ஓடுகிறது. அதனால் கேஸ் நிறையவே இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி, மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிடும். முதலில் தலைவலி, பிறகு நல்ல தூக்கம், பிறகு ஒன்றுமே இல்லை. அதனால்தான் கசிவு தொடங்கும் யூனிட்டின் மூலையிலேயே அந்த உணர்கருவி. அது வாடை பிடித்தால் சங்கு ஊதி, வால்வை மூடி, அறைக்காற்றை வெளியே தள்ளிவிடும். படுக்கைகள் தரையோடு இருக்கும் கூடத்தில் எட்டுப் பேரின் உயிர் அதன் கையில்தான் இருக்கிறது.

பிரேக்கரை அணைத்துப் பூட்டிவிட்டு வயர் கொடுத்தேன். எர்த் பார்த்தேன். உணர்கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். சங்கு ஊதியது. சுவரிலிருக்கும் திரைப் பலகையில் எழுத்து வந்தது: வாயு அளவு பூஜ்யம்.

ஓட்டினேன். குளிர்ந்தது. வேலையில் குறை இல்லை. யூனிட்டின் மேல்தான் சந்தேகம் தீரவில்லை.

பதிவு 24. 08:00

இன்று ஆயுத பூஜை.

தீபம் ஏற்ற அனுமதி கிடையாது, பேட்டரி விளக்குதான். கற்பூரமும் கிடையாது. சந்தனத்தூளும் குங்குமமும் என் சொந்தப் பையில் கொண்டுவந்திருந்தேன். எங்கள் பட்டறையில் வருடா வருடம் ஸ்பானர் முதல் லாரி வரை பொட்டு வைத்தபிறகுதான் பொரிகடலை கைக்கு வரும். இங்கே பொரிகடலை இல்லை. ஆனாலும் துளைக்கருவிக்கு, ஜாக்கிக்கு, காற்றுப் பம்புக்கு, காபி இயந்திரத்துக்குக்கூட வைத்தேன்.

கடைசியாகக் கூரை யூனிட். சந்தேகம் இருந்தாலும் சாமி காரியத்தில் ஓரவஞ்சனை கூடாது. வழவழ மூடியில் சந்தனம் நிற்காமல் வழிந்தது. மூலையில் அந்த வட்டக் குழிவு இருந்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி. அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. நடுவில் குங்குமம். அண்ணாந்து பார்த்தால் நெற்றிப்பொட்டு போல லட்சணமாக இருக்கிறது.

படம் எடுத்துப் பேச்சிக்கு அனுப்பினேன். கப்பல் கூரையிலும் இதே மாடல்தான் இருக்கிறது, மூலைக் குழிவில் வை, வேறெங்கும் நிற்காது என்று சொன்னேன்.

வலம்புரியிலிருந்து: "எக்கா, இங்ஙன கூரை எது தரை எதுன்னே தெரியல, எல்லாரும் மிதந்துக்கிட்டு கெடக்கோம். சந்தனக்கட்டி ஒண்ணு கொண்டாந்திருக்கேன். நாளைக்கு எல்லாரும் சேந்து கும்பிடுதோம். நீ சொன்ன இடத்துலயே வைக்கேன். நீ சாப்பிட்டியா, இல்ல காபியிலயே ஓட்டுதியா?"

சாப்பிடவில்லை. அவளிடம் சாப்பிட்டேன் என்றேன்.

பதிவு 25. 16:50

யூனிட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். விசிறி சுழலும்போது ஏதோ உரசுகிறது. பிரேக்கரை அணைத்து, மூடியைக் கழற்றி, விசிறியின் அச்சைப் பார்த்தேன்.

முடி. அச்சில் சுற்றிச் சுற்றி இறுகிப்போன நீள முடி. இடுக்கியால் எடுத்து விரித்தேன். என் கை நீளம் இருந்தது. நுனிப் பாதி செம்பட்டை, மருதாணி போட்ட செம்பட்டை.

நிலவுக்கு வந்த பெண்களில் முடியை வெட்ட மாட்டேன் என்று மேலிடத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவள் ஒருத்திதான். மருதாணி போட்டவளும் அவள்தான், வசுமதி. முடியை ஒரு உறையில் போட்டு என் படுக்கைக்கு அடியில் வைத்தேன்.

டிக்ரூஸைப் பிடித்தேன். இது மேட்டு நிலையத்து யூனிட், மூன்று பேர் செத்த அறையில் தொங்கியது, ஆமா இல்லையா என்று மட்டும் கேட்டேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

தரையிலிருந்து: "மேடம், ஆமா. பூமியிலருந்து ஒண்ணு ஏத்த முடியாதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. ஆனா யூனிட்டுல ஒரு தப்பும் இல்ல. அவங்க எறந்த அன்னைக்கு வரைக்கும் உணர்கருவி பதிவு எங்கிட்ட இருக்கு. அத்தனையும் பூஜ்யம். ஒரு துளி கேஸ் கசியல. அதனாலதான் துடைச்சு அனுப்புனோம்."

துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, 'புதியது' என்று எழுதி. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? மறைக்கிறவர் ஒன்றை மட்டும் மறைப்பாரா? பூஜ்யம் என்று அவர் வாசிக்கிறார். உண்மையில் பூஜ்யம்தானா, இல்லை பூஜ்யமாக்கி வைத்ததா?

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. என் தங்கை இதன் அடியில் படுக்க வருகிறாள்.

பதிவு 27. 09:10

நேற்று கூடத்திலேயே படுக்கையை விரித்துப் படுத்தேன். அவர்களுக்கு முன் நான் படுத்துப் பார்த்துவிடுகிறேன் என்றுதான். எழுந்தால் தலை விண் விண் என்று தெறிக்கிறது. எழுந்து நின்றால் குறைகிறது. உட்கார்ந்தால் திரும்ப வருகிறது.

பலகை சொல்கிறது: வாயு அளவு பூஜ்யம்.

பதிவு 27. 10:00

விண்வெளி உடுப்பில் இருக்கும் ஆக்சிஜன் அளவியைக் கழற்றிக் கூடத்துக்குள் கொண்டுபோனேன். தலை உயரத்தில் சரியாக இருக்கிறது. இடுப்பருகே குறைகிறது. படுக்கை உயரத்துக்குக் கொண்டுபோனதும் அளவியின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. விசிறி ஓடும்போது எல்லாம் கலந்து பரவாயில்லை என்று காட்டுகிறது. குளிர் எட்டி விசிறி நின்றதும் தரையில் தேங்குகிறது.

கேஸ் கசிகிறது. சந்தேகமே இல்லை. பலகையோ பூஜ்யம் என்கிறது.

என் கையில் இருக்கும் அளவி பொய் சொல்லாது, அதற்குத் தரை நிலையத்தோடு தொடர்பு கிடையாது. பலகைக்கு உண்டு. பலகையில் வருகிற எண்ணை அவர்கள் அங்கிருந்தே மாற்ற முடியும். மேட்டு நிலையத்தில் இப்படித்தான் மாற்றினார்களா? பழுதான யூனிட்டை அனுப்பிய குட்டு வெளிப்படாமல் இருக்க எண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்களா?

இதை அவர்களிடமே கேட்டு என்ன பயன்? வானொலிக் கம்பியைப் பிடுங்கப் போகிறேன். தொடர்பை அறுத்துவிட்டால் பலகை உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஏ.சி.யையும் அணைத்துவிட்டேன். கூடத்தின் காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்று நிரம்ப மதியம் ஆகிவிடும். அதுவரை யாரோடும் பேச்சு இல்லை.

பதிவு 27. 14:20

தொடர்பு இல்லை. பலகை தனியாக ஓடுகிறது.

அறை சுத்தமானபின் வேண்டுமென்றே யூனிட்டை மறுபடி ஓட்டி நிறுத்தினேன். உடுப்போடு, தலைக்கவசத்தோடு நின்று பார்த்தேன். தரையில் அளவி சிவப்பு. பலகை பூஜ்யம்.

அப்படியானால் தரை நிலையம் எண்ணை மாற்றவில்லை. உணர்கருவிக்கே தெரியவில்லை. சாரம் போட்டு ஏறப்போகிறேன்.

பதிவு 27. 15:05

கசிவு எங்கே என்று தெரிந்தது. நான் போட்ட இணைப்பில் இல்லை. யூனிட்டுக்குள், தொழிற்சாலையிலேயே மாட்டிய நட்டின் உதட்டில் மயிரிழை விரிசல். பூமியிலிருந்து ஏறும்போது உண்டான குலுக்கலில் விட்டிருக்கிறது. குளிரும்போது சுருங்கித் திறக்கிறது. நைட்ரஜன் சோதனையின்போது யூனிட் குளிரவில்லை, அதனால் அகப்படவில்லை.

அடுத்து உணர்கருவி. மூலைக் குழிவில் என் பொட்டு.

அந்த வலை வழியாகத்தான் அது மூச்சுவிட வேண்டும். காற்று உள்ளே போனால்தானே அதற்கு வாடை தெரியும். சோதனைப் பொத்தான் சங்கைத்தான் சோதிக்கும், மூக்கைச் சோதிக்காது. வலையின் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, லட்சணமாக இருக்கிறது என்று படமும் எடுத்தேன்.

ஈரத்துணியால் துடைத்தேன். என் சந்தனம் வந்தது. ஆனால் அதற்கடியில், வலையின் கண்களுக்குள், கல்லாக இறுகிப்போன இன்னொரு மஞ்சள் படலம். ஊசியால் கிளறினேன். பொடியாக உதிர்ந்தது. தலைக்கவசத்தைத் திறந்து ஒரு கணம் முகர்ந்தேன்.

பழைய சந்தனம். வசுமதியும் ஆயுத பூஜை கொண்டாடியிருக்கிறாள். அவளுக்கும் மூடியில் நிற்கவில்லை, அவளும் இந்தக் குழிவைத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். மேலே துடைத்தவர்கள் வலைக்குள் துடைக்கவில்லை. நான் வைக்காவிட்டாலும் இது குருடாகத்தான் வந்து சேர்ந்தது.

கடைசித் துணுக்கு உதிர்ந்ததும் சங்கு ஊதியது. வால்வு மூடியது. வெளியேற்று விசிறி ஓடத் தொடங்கியது. எல்லாம் வேலை செய்கிறது.

யாரும் யாரையும் கொல்லவில்லை. டிக்ரூஸ் பொய் சொல்லவில்லை, தன் முன்னால் இருந்த எண்ணை நம்பினார்.

பேச்சி. பேச்சியிடம் நான்

பதிவு 27. 15:20

கம்பியை மாட்டிவிட்டேன். வலம்புரியிலிருந்து வந்து காத்திருந்த செய்திகள். வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

"எக்கா, நேத்தே போட நெனச்சேன், நேரமில்ல. முந்தாநாளு பூஜ நல்லா முடிஞ்சுது. நீ சொன்ன இடத்துலதான் பொட்டு வச்சேன். கச்சிதமா உக்காந்துட்டு. கேப்டன் வரைக்கும் கும்பிட்டாரு."

"எக்கா, ஏன் லைன்ல வரமாட்டேங்குத? இங்க எல்லாருக்கும் தலவலி. கேப்டன் மிதக்கதுனால வருதுன்னு சொல்லுதாரு. எனக்கு என்னமோ நீ திட்டுனாத்தான் சரியாகும்னு தோணுது."

"எக்கா... தூக்கமா வருது. எல்லாரும் படுத்தாச்சு. கப்பல் தானா எறங்கிரும்லா. வந்து எழுப்பு, என்னா?"

கடைசிச் செய்தி வந்தபோது நான் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். தரை நிலையத்தைச் சந்தேகித்து நானே கம்பியைப் பிடுங்கி வைத்திருந்த நேரம் அது.

அழைத்தேன். இன்னும் அழைத்துக்கொண்டே இருக்கிறேன். 'ஏட்டி பேச்சி, பொட்ட அழி, முகமூடிய எடுத்துப் போடு, எல்லாரயும் எழுப்பு.' கப்பலின் தானியங்கி மட்டும் பதில் சொல்கிறது.

"வலம்புரி. எட்டுப் பேர் ஓய்வில். வாயு அளவு பூஜ்யம். எல்லாம் நலம்."

பதிவு 27. 15:45

டிக்ரூஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதே மாடல், அதே நட்டு, அதே குலுக்கல், அதே குழிவு, என் தங்கை கையால் வைத்த சந்தனம். கப்பலின் ஏ.சி.யை அங்கிருந்தே அணையுங்கள், சங்கை ஊதுங்கள், இறங்கியதும் வெளியிலிருந்து கதவைத் திறக்கும் குறியீட்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

தரையிலிருந்து: "மேடம், கப்பல்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. பூஜ்யம்னு நல்லாத் தெரியுது. நீங்க காலையிலருந்து தொடர்ப அறுத்து வச்சிருந்தீங்க. உங்க கூடத்துல ஆக்சிஜன் குறைஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. ஆக்சிஜன் குறைஞ்சா மனசு ஏதேதோ நெனைக்கும். கொஞ்சம் படுங்க. நான் மேல பேசிட்டுச் சொல்றேன்."

குரலில் அக்கறை இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை. இத்தனை நாள் நான் அவரைப் பார்த்த பார்வையால் இப்போது அவர் என்னைப் பார்க்கிறார். சந்தனப் பொட்டால் மூன்று பேர் செத்தார்கள் என்று ஒருத்தி நிலவிலிருந்து கத்தினால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மிதக்கும் கப்பலில் கசிந்த கேஸுக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. தூங்குகிறவர்களின் முகத்தைச் சுற்றியே நிற்கும்.

பதிவு 27. 16:10

மறுபடி கேட்டேன். வலையிலிருந்து எடுத்த பழைய சந்தனத்தின் படத்தையும், வசுமதியின் முடியின் படத்தையும் அனுப்பினேன். என் அளவியின் எண்களையும் அனுப்பினேன்.

தரையிலிருந்து: "மேல பாத்துக்கிட்டு இருக்காங்க மேடம். பரிசீலிக்காங்க. நீங்க வெளிய மட்டும் போயிராதீங்க."

போகிறேன். வெட்டும் கருவியும் ஆக்சிஜன் முகமூடிகளும் எடுத்துக்கொண்டேன். வண்டியில் திடல் அரை மணி நேரம். இனி குரல்பதிவுதான், எழுத்து தானாக ஏறும்.

பதிவு 27. 17:02. உடுப்பிலிருந்து

கப்பல் இறங்கிவிட்டது. தானாக, அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது. விளக்கெல்லாம் எரிகிறது.

கதவை உள்ளேயிருந்து திறக்க வேண்டும். திறக்கவில்லை.

வெளிப் பலகையில் எழுத்து ஓடுகிறது. எட்டுப் பேர் ஓய்வில். வாயு அளவு பூஜ்யம்.

17:09

டிக்ரூஸ் லைனில் இருக்கிறார். குறியீடு வாங்கித் தருகிறேன், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்கிறார். குரல் மாறிவிட்டது. இப்போது நம்புகிறார். மேலே யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வெட்டத் தொடங்கிவிட்டேன். கதவு கனம்.

17:16

குறியீடு வரவில்லை. கருவியின் பல் தேய்கிறது.

இதைப் படிப்பவரே, அந்தக் குழிவில் எதையும் வைக்காதீர்கள். சந்தனம், குங்குமம், ஸ்டிக்கர், எதையும். மூடியில் நிற்காவிட்டால் வழிந்து போகட்டும்.

17:21

ஸ்பானரால் கப்பல் உடம்பில் தட்டினேன். இங்கே வெளியில் சத்தம் இல்லை, ஆனால் இரும்பு வழியே உள்ளே கேட்கும். பேச்சி தூங்கினால் எழுப்புவது ரொம்பக் கஷ்டம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திட்டித்தான் எழுப்ப வேண்டும். ஏட்டி, எந்திரி. எந்திரிட்டி.

தட்டிவிட்டுத் தலைக்கவசத்தைக் கதவோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். யாராவது திருப்பித் தட்டுகிறார்களா என்று கேட்டேன்.

ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.